பன்னிரண்டாம் வகுப்போடு ஏன் நின்றுபோகிறது பெண் பிள்ளைகளின் ஓட்டம்?

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கழுத்து வலி, இடுப்பு வலி, பக்கவாதம் என்று எல்லாரையும் பார்க்கிறேன் என்றாலும் என் மனசு அதிகம் நிற்பது ஓட்டக்காரப் பிள்ளைகளிடம்தான். அண்ணா விளையாட்டரங்கத்திலும் வ.உ.சி. மைதானத்திலும் பயிற்சி எடுக்கிறவர்கள் வருவார்கள். அம்பாசமுத்திரம், முக்கூடல், வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பி.டி. ஆசிரியர்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள். இதில் 800, 1500, 3000 மீட்டர் ஓடும் பெண் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள். இருபத்தைந்து வயதில் 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் என்னிடம் சிகிச்சைக்கு வருவது அபூர்வம். முப்பது வயதில் என்றால் இன்னும் அபூர்வம்.

இது என்னை உறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த ஓட்டங்கள் பதினெட்டு வயதில் உச்சம் தொடுகிறவை அல்ல. ஒரு துடிப்பில் இதயம் தள்ளுகிற ரத்தத்தின் அளவு, தசைக்குள் பரவும் நுண்ணிய ரத்தக் குழாய்கள், தசைநாண்களின் வலு எல்லாமே வருஷக்கணக்கில் பைய வளர்கிறவை. தூரம் கூடக்கூட, அது கனிகிற வயதும் தள்ளிப்போகும்.

மொசாம்பிக் நாட்டு மரியா முட்டோலா 1988 சியோல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 15. முதல் சுற்றோடு வெளியேறினார். 1992 பார்சிலோனாவில் பதக்கமில்லை. 1996 அட்லாண்டாவில் வெண்கலம். தங்கம் கிடைத்தது 2000 சிட்னியில், நான்காவது ஒலிம்பிக்கில், 27 வயதில். அதற்குப் பிறகும் 2004, 2008 என்று இரண்டு ஒலிம்பிக்குகள் ஓடி, இரண்டிலும் இறுதிச் சுற்றுக்கு வந்தார். முதல் சுற்றில் தோற்ற அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் யாராவது "போதும், படிப்பைப் பாரு" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெற்றோர்களிடம் கேட்பேன்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கேரளத்தில் பிறந்து சென்னையில் குடியேறிய ஷைனி வில்சன் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதிக்குப் போனபோது வயது 19. ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவர். ஆனால் 800 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் அவர் ஓடி முடித்தது அதற்கும் பதினோரு ஆண்டு கழித்து, 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில்: 1 நிமிடம் 59.85 விநாடி. அப்போது அவருக்கு 30 வயது, பிள்ளை பெற்ற தாய். அந்த தேசிய சாதனையை 2010-ல்தான் டின்டு லூக்கா முறியடித்தார்.

பெண்ணுக்கு நீண்ட தூரம் ஆகாது என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயித்தார். ஓடி முடித்தவர்கள் களைத்துப்போனதைப் பெரிதுபடுத்தி, பெண் உடம்பு இதைத் தாங்காது என்று முடிவுகட்டி, 1960 ரோம் வரைக்கும் அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1500 மீட்டர் 1972-ல் வந்தது, மாரத்தான் 1984-ல், 10,000 மீட்டர் 1988-ல், 5000 மீட்டர் 1996-ல். அதே எண்ணம் இன்றும் நம் வீடுகளில் வேறு வாயால் பேசிக்கொண்டிருக்கிறது. "பொம்பளப் பிள்ள இம்புட்டுத் தூரம் ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்லா?" என்று ஒரு ஆச்சி என்னிடம் பேத்தியை வைத்துக்கொண்டே கேட்டார். இறங்காது ஆச்சி. வளர்கிற பிள்ளைக்கு ஓட்டத்தால் அப்படி எதுவும் வராது. அவளுடைய ஓட்டத்தை நிறுத்துகிற காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

சாப்பாட்டுக் கணக்கு

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. காலையும் மாலையும் பயிற்சி. அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா கட்டட வேலை. "முன்னெலும்பு வலிக்குங்கா டாக்டரம்மா. எண்ணெய் போட்டு நீவிப் பாத்தோம், கேக்கல." கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள்விளிம்பில், ஒரு விரல் நுனி அளவு இடத்தைத் தொட்டால் துள்ளுகிறாள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதாம். நான் மெதுவாகக் கேட்கிறேன்: "மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?" அம்மா மகளைப் பார்க்கிறார். "ஏட்டி, கேக்காவல்ல, சொல்லு." அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அம்மாவே சொல்கிறார்: "ஓடுத பிள்ளையளுக்கு வராதுன்னு சொன்னாவ. செலவு மிச்சம், நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டோம்."

இது ஒரு வீட்டின் கதையில்லை. இதே பேச்சு, இதே தலைகுனிவு, ஊர் மட்டும் மாறி மாறி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஓடுகிற பிள்ளைக்கு மாதவிடாய் நிற்பது இயல்பு இல்லை, நல்லதும் இல்லை. உடம்பு கொடுக்கிற முதல் எச்சரிக்கை அது.

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ எடையுள்ள பிள்ளை. கொழுப்பைக் கழித்துவிட்டு மிஞ்சும் உடம்பு சுமார் 37 கிலோ என்று வையுங்கள். ஓட்டம் போக, மூளைக்கும் எலும்புக்கும் சுரப்பிகளுக்கும் அந்த 37 கிலோவில் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு ஏறத்தாழ 45 கலோரி வேண்டும். அதாவது 1,665. ஓடுவதற்கு, கிலோமீட்டருக்குத் தோராயமாக எடைக்குச் சமமான கலோரி செலவாகும். நாளைக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் 540. ஆக மொத்தம் 2,200 கலோரிக்குக் குறையாமல் அவள் சாப்பிட வேண்டும்.

அவள் சாப்பிடுவது என்ன? விடியற்காலை வெறும் டீ. ஓடிவிட்டு வந்து, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மூன்று இட்லி. மத்தியானம் டிபனில் கொஞ்சம் சாம்பார் சோறு. சாயங்காலம் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு பன், மறுபடி டீ. ராத்திரி மூன்று தோசை. கூட்டிப் பார்த்தால் 1,600 வருவதே கஷ்டம். அதில் ஓட்டத்துக்கு 540 போனால் மிச்சம் 1,060. அதை 37 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 29 கூட இல்லை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்றாலும், 30-க்குக் கீழே போகப் போக உடம்பு ஒவ்வொரு செலவாக நிறுத்தத் தொடங்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். முதலில் நிறுத்துவது மாதவிடாயை. அடுத்து எலும்பு கட்டுவதை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைக்கு, அதாவது ஓடுகிற உடம்புக்குச் சாப்பாட்டுச் சக்தி போதாமல் போவதற்கு, ரெட்-எஸ் (RED-S) என்று பெயர் வைத்தது. இது ஒல்லிப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் வரும், பையன்களுக்கும் வரும். அடிக்கடி சளி, ஆறாத களைப்பு, எரிச்சல், ஓட்ட நேரம் மாதக்கணக்கில் நகராமல் நிற்பது, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பதினைந்து வயதாகியும் பிள்ளை பெரியவளாகவில்லை என்றாலோ, பெரியவளான பிறகு தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் நீங்களாகவே முடிவுகட்டக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டு வரவழைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் சாப்பாட்டுக் குறைதான் என்றால், சாப்பாட்டையும் ஓய்வையும் சரிசெய்யாமல் மாத்திரையால் மட்டும் எலும்பு தேறாது.

எலும்பைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம், அந்த வயது திரும்பி வராது. எலும்பின் வலுவில் பெரும்பங்கு இருபது வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேமிப்புக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேண்டும், சுண்ணாம்புச் சத்து வேண்டும், போதுமான சாப்பாடு வேண்டும். பதினாறு வயதில் ஒரு வருஷம் மாதவிடாய் இல்லாமல் ஓடிய பிள்ளைக்கு அந்த வருஷத்து எலும்பு நஷ்டம். பத்தொன்பதில் முன்னெலும்பில் ஒரு கீறல், இருபதில் பாதத்தில் இன்னொன்று. "அவளுக்கு உடம்பு ஒத்துக்கல" என்று ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காயத்தால் நின்றது போலத் தெரியும். உண்மையில் நாலு வருஷத்துக்கு முந்தைய பசியால் நின்றது.

நம் சீமையில் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்காத வீடு உண்டா? கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, மாமன் வீட்டு முறை, சித்தி வீட்டு முறை என்று தேடித் தேடிக் கொடுப்போம். வளர்கிற பெண்ணுக்கு வயிறாரப் போட வேண்டும் என்று ஆச்சிமார்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தக் கவனிப்பு சில வாரத்தோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். இன்னொரு இடமும் உண்டு. பத்தாம் வகுப்பு வரைக்கும் அரசுப் பள்ளிச் சத்துணவில் கிடைத்த முட்டை, பதினொன்றாம் வகுப்பில் கிடையாது. பயிற்சி கூடுகிற அதே வருஷத்தில் தட்டில் ஒரு முட்டை குறைகிறது. பி.டி. ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விலை கூடிய பவுடர் எதுவும் தேவையில்லை. ஓடப் போகும்முன் ரெண்டு வாழைப்பழம், இல்லையென்றால் கருப்பட்டி போட்ட கஞ்சி ஒரு டம்ளர். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறைய ஏதாவது, கூடவே ஒரு முட்டையோ ஒரு கை கடலையோ சுண்டலோ. கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. உவரி, கூட்டப்புளிப் பக்கத்து வீடுகளில் சாளை மீனும் நெத்திலிக் கருவாடும் இருக்கின்றன. முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீன் எலும்புக்கு நல்லது. இதையெல்லாம் சாப்பிடச் சொல்லும்போது பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "வெயிட் போட்டா டைமிங் போயிருமே?" அந்தப் பயத்தை யாரோ பெரியவர்கள்தான் அவர்களுக்குள் போட்டிருக்கிறார்கள்.

அது எப்போது தொடங்குகிறது என்றும் சொல்கிறேன். பெரியவளான ஒன்றிரண்டு வருஷத்தில் இடுப்பு விரியும், உடம்பு சதை போடும், ஓட்ட நேரம் அப்படியே நிற்கும், சிலருக்குப் பின்னாலும் போகும். இது எல்லாப் பெண் ஓட்டக்காரர்களும் கடக்க வேண்டிய கட்டம். பொறுமையாக இருந்தால் பத்தொன்பது, இருபது வயதில் புதிய உடம்புக்கு ஏற்ற வலு சேர்ந்து நேரம் மறுபடி குறையத் தொடங்கும். அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. "குண்டாயிட்ட, உடம்பைக் குறை" என்று மைதானத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறார்கள். பயிற்சியாளர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன்: வளரும் பெண் பிள்ளையிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். எடை மிஷினில் வரிசையாக ஏற்றி நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் சொன்னதைக் கேட்பார்கள், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவார்கள், மூன்று மாதம் நன்றாக ஓடவும் செய்வார்கள். அதற்கப்புறம் என்னிடம் வருவார்கள்.

ரத்தசோகை தனிக் கதை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிற பிள்ளையை 1500 மீட்டர் ஓடச் சொல்லிவிட்டு "மூச்சு வாங்குது, ஸ்டாமினா இல்ல" என்று திட்டுவது நியாயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள், முடிந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தி ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கீரையிலும் பயறிலும் எலுமிச்சை பிழியுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று தூக்கிப்போடுகிற பிள்ளைகள் நிறைய. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் அவ்வளவு குமட்டாது.

வலியும் அவசரமும்

முன்னெலும்பு வலி எல்லாம் எலும்புக் கீறல் இல்லை. எலும்பின் ஓரம் முழுக்க, ஒரு சாண் நீளத்துக்கு மந்தமாக வலித்து, ஓடத் தொடங்கிச் சூடான பின் குறைந்தால் அது பெரும்பாலும் தசை ஒட்டுமிடத்து அழற்சி. ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை வலுவாக்கினால் சரியாகும். ஒரே புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, ஓய்விலும் ராத்திரியிலும் வலிக்கிறது என்றால் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்புக் கீறல், என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று மறுநாளே ஓடி, கீறலை முறிவாக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் உண்டு. எம்.ஆர்.ஐ.யில்தான் சீக்கிரம் தெரியும். தொடையிடுக்கில் ஆழமாக வலித்து, நொண்டி நடந்தால் அது இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விழுந்திருக்கலாம். அந்த வலியோடு ஒரு சுற்று கூட ஓடக் கூடாது. உடனே எலும்பு மருத்துவர்.

நீவுவது பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் தேய்த்துவிடுவதில் தப்பில்லை. ஒரே புள்ளியில் வலிக்கிற எலும்பின் மேல் அழுத்தி நீவுவதுதான் கூடாது.

எங்கிருந்து வருகிறது இந்தக் கீறல்? பசி ஒரு பாதி, அவசரம் மறு பாதி. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று சில மாதத்துக்குள் எல்லாம் வந்துவிடும். சும்மா இருந்த பிள்ளையை ஜூன் மாதம் பிடித்து, தினமும் 400 மீட்டர் பாய்ச்சல்களாக ஓடவிட்டு, ஆகஸ்டில் 800, 1500, 3000, ரிலே என்று எல்லாவற்றிலும் இறக்குகிறோம். ஜெயிக்கவும் செய்கிறாள், அதனால் யாருக்கும் தப்பு தெரிவதில்லை. உலகத்தின் நல்ல நடுத்தூர, நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதியை, பத்தில் ஏழெட்டுப் பங்கை, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் ஓடுகிறார்கள். வேகப் பயிற்சி வாரத்தில் ரெண்டு நாள் போதும். மற்ற நாள் பைய ஓடட்டும். வாய்க்கால் கரையிலும், தோட்டத்து மண் பாதையிலும், தேரி மணலில் கொஞ்சமும் ஓடட்டும். தார் ரோட்டைக் குறையுங்கள். பைய ஓடுகிற பிள்ளையைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைக்காத பயிற்சியாளர் கிடைத்தால், அவளுக்கு இன்னும் பத்து வருஷ ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

அவசரம் இன்னொரு குழியிலும் தள்ளும். மாநிலப் போட்டிக்கு முன்னால் "சத்து ஊசி" என்று யாராவது போட்டால், அதில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜிம்மில் விற்கும் பவுடரும் அப்படியே. உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால், யார் கொடுத்தது என்பதெல்லாம் எடுபடாது. பொறுப்பு ஓடுகிறவளுடையது. ஸ்டீராய்டு என்றால் வழக்கமாக நான்கு ஆண்டு தடை. இருபது வயதில் நான்கு ஆண்டு என்றால் நம் ஊரில் அது முழு வாழ்க்கை.

மார்புக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாததால் ஓட்டத்தையே விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. அம்மாக்களே, ஸ்பைக்ஸ் ஷூ வாங்கும் முன் அதை வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளை பெற்ற பிறகு

பள்ளி முடிந்து, நல்வாய்ப்பாகக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகளில் பதக்கம் வாங்குகிற பெண்கள் உண்டு. காவல்துறையிலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்தால் ஓட்டம் தொடரும். இல்லாவிட்டால் கல்யாணத்தோடு ஷூ பரணுக்குப் போய்விடும். மாப்பிள்ளை வீட்டாரிடம் "எங்க பொண்ணு ஓடுவா" என்று பேச்சு வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வது என் வழக்கம். நகை பேசுகிறோம், சீர் பேசுகிறோம், இதையும் பேசலாம்.

கல்யாணத்தைவிடப் பெரிய தடையாக எல்லாரும் நினைப்பது பிரசவம். கென்யாவின் ஃபெய்த் கிப்யெகோன் 2016 ரியோவில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். 2018-ல் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகுதான் டோக்கியோவிலும் பாரிஸிலும் மறுபடி தங்கம். 2025 ஜூலையில் 3 நிமிடம் 48.68 விநாடி என்ற உலக சாதனையும் தாயான பிறகு ஓடியதுதான். இங்கிலாந்தின் ஜோ பேவி 2014-ல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 10,000 மீட்டர் தங்கம் வென்றபோது வயது 40. இரண்டாவது பிள்ளை பிறந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது.

இவர்களைச் சொல்வது, எல்லாரும் பத்து மாதத்தில் ஓடிவிட வேண்டும் என்பதற்காக இல்லை. அவர்களைச் சுற்றி மருத்துவர், பிசியோ, பயிற்சியாளர் என்று ஒரு கூட்டமே இருந்தது. நம் பெண்ணுக்கு இருப்பது அம்மா வீடு. அதுவும் சின்ன பலமில்லை. பச்சை உடம்புக்காரி என்று தாங்குகிற அந்த நாட்களில் அவளுக்குத் தேவையான ஓய்வும் சாப்பாடும் கிடைக்கின்றன. நான் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான். படுத்தே இருக்க விடாமல், மருத்துவர் சரி என்றதும் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடக்க விடுங்கள். சிறுநீரை அடக்குவது போல இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கலாம். ஓட்டம் என்பது சுகப்பிரசவமானாலும் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். சிசேரியன் என்றால் இன்னும் நிதானம். வெளித்தழும்பு ஆறிவிட்டாலும் உள்ளே தைத்த சவ்வு ஆறேழு மாதம் ஆகியும் முழு வலுவுக்கு வந்திருக்காது.

மூன்று மாதம் முடிந்துவிட்டது என்பதாலேயே ஓட அனுப்ப மாட்டேன். அரை மணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் பத்து விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும், பத்து முறை குதிக்க வேண்டும். இதில் எதிலும் சிறுநீர் கசியக் கூடாது, அடிவயிற்றில் எதையோ கீழே இழுப்பது போன்ற பாரம் தெரியக் கூடாது. தெரிந்தால், நின்று, சரிசெய்துவிட்டுத் தொடர வேண்டும். இருமினால், ஓடினால் சொட்டுச் சொட்டாகக் கசிவது பிள்ளை பெற்றவளுக்கு விதித்தது என்று பல பெண்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். பெரும்பாலும் சில மாதப் பயிற்சியில் குறைகிற பிரச்சினை அது. தயவுசெய்து வாய் திறந்து கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் ஓடினால் பால் கெட்டுவிடும், வற்றிவிடும் என்பதும் உண்மையில்லை. அவள் தண்ணீரும் சாப்பாடும் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பால் கொடுத்துவிட்டு ஓடப் போனால் அவளுக்கும் வசதி.

முப்பத்தைந்துக்கு மேல்

மூத்தோர் தடகளப் போட்டிகளில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதுப் பிரிவாகப் பந்தயம் நடக்கிறது என்பது நம் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தெரியாது. பள்ளியில் 1500 மீட்டர் ஓடி, இருபது வருஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாற்பதில் மறுபடி ஆரம்பித்தவர்கள் என்னிடம் வருகிறார்கள். டீச்சர்கள், நர்ஸ்கள், போலீஸ்காரர்கள். அவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷம் எனக்கு வேறெந்த நோயாளியிடமும் கிடைப்பதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு அப்போது 38 வயது. அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் சினேட் டைவர் முப்பதுகளில்தான் ஓடவே தொடங்கினார். 44 வயதில் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் பத்தாவதாக வந்தார்.

"முட்டி தேஞ்சிரும்" என்ற பயத்துக்கு என் பதில்: அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிடக் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே வீங்கி, பூட்டிக்கொள்கிற மூட்டு இருந்தால் காட்டிவிட்டு ஓடுங்கள். மாதவிடாய் நிற்கிற வயதை நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பும் தசையும் வேகமாகக் கரையும். அந்த வயதில் வெறும் ஓட்டம் போதாது. வாரம் ரெண்டு நாள் கனமான எடை தூக்க வேண்டும். ஜிம்முக்குப் போகச் சங்கடமாக இருந்தால் வீட்டில் அரிசிப் பை, தண்ணீர்க் கேன் போதும், முறையை மட்டும் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ரெண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். கத்திரி வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்று ஆளைத் தள்ளும். எதிர்காற்றில் போய், திரும்பும்போது முதுகுக் காற்றில் வாருங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வீட்டில் இளவயது மாரடைப்பு என்று எதுவும் இருந்தால் முதலில் இதய மருத்துவர்.

தனியாக இருட்டில் ஓட வேண்டியிருப்பது இந்தப் பெண்கள் எல்லாரும் சொல்கிற கஷ்டம். நாய், குடிகாரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள். இதற்கு மருத்துவத்தில் பதில் கிடையாது. ரெண்டு பேராகப் போங்கள் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிகிறது. மைதானங்களில் அதிகாலை ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தால், பெண்கள் கழிப்பறை திறந்திருந்தால், இப்போது வருவதைப்போல எத்தனையோ மடங்கு பெண்கள் வருவார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் முதலில் அந்த ரெண்டைச் செய்யுங்கள்.

ஓடுகிற மகளை என்னைப் போன்ற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவள் ஓடித் தேய்ந்த ஷூவை எடுத்து வாருங்கள். கடைசி மூன்று மாதம் மாதவிடாய் வந்த தேதி, ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டாள், என்றைக்கு எவ்வளவு தூரம் ஓடினாள் என்று ஒரு தாளில் அவளையே எழுதச் சொல்லி அதையும் கொண்டுவாருங்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எடுத்திருந்தால் அவையும். அப்பாவோ மாஸ்டரோ கூட வந்திருந்தாலும், கொஞ்ச நேரம் அவளிடம் தனியாகப் பேசுவோம், அதற்கு மட்டும் சம்மதியுங்கள்.